ஆர்க்கியாவைப் பட்டினி போடுவது எப்படி? பாஸ்பேட் இல்லாத உப்புநீரில் ஒரு வளர்ச்சிச் சோதனை

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களிடம் "சத்து குறையும்போது ஆர்க்கியா தன் வளர்ச்சியை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று பார்" என்று ஒரு புராஜெக்டைக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஆர்க்கியா என்பவை பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகையைச் சேர்ந்த ஒருசெல் நுண்ணுயிரிகள். ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்துப் பழகியவர் என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள், அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடும்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்களின் எண்ணிக்கை, செல்களின் மொத்தப் பொருள், ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வழக்கமான பாக்டீரியா வேலையில் ஓ.டி. (செல் வளரும் திரவம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளியால் அளக்கும் எண்) ஒன்றை மட்டும் அளந்து ஒப்பேற்றிவிடலாம். ஆர்க்கியாவைப் பட்டினி போட்டால் இந்த மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போகும். ஒன்று நின்றுபோயிருக்கும், இன்னொன்று ஏறிக்கொண்டே இருக்கும். ஓ.டி. வளைகோட்டை மட்டும் வைத்துக்கொண்டு "வளர்ச்சி நின்றுவிட்டது" என்று எழுதினால், என்ன நின்றது என்று யாராவது கேட்கும்போது பதில் இருக்காது.

எந்த உயிரியை எடுப்பது

ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியை எடுங்கள். சாக்கடலின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்து 1975-ல் முல்லாகான்பாய், லார்சன் இருவரும் விவரித்த இனம் இது. சாக்கடலில் உயிர் இருக்கிறது என்று 1930-களிலேயே காட்டிய பெஞ்சமின் எலாசாரி வோல்கானியின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். 45 டிகிரி செல்சியஸில், நல்ல சத்துள்ள மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்), சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆக்சிஜனைத் தவிர்க்க வேண்டியதில்லை, அமிலமோ கொதிநீரோ தேவையில்லை, நோய் உண்டாக்காது, மரபணுக் கருவிகள் நிறைய இருக்கின்றன, மரபணுத்தொகுதியின் முழு வரிசையும் 2010-ல் வெளியாகிவிட்டது. மூல இனமான டி.எஸ்.2 ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இசட். சேமிப்பகத்தில் 3757 என்ற எண்ணில் கிடைக்கிறது.

தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, அங்கேயே போய் ஒரு பாட்டில் மொண்டு வந்து தொடங்கலாமே என்று தோன்றும். ஆசை நியாயமானதுதான், அந்தச் சிவப்பில் உப்பு விரும்பும் ஆர்க்கியாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பட்டினிச் சோதனைக்கு அது முதல் படியாக இருக்கக்கூடாது. பெயர், மரபணு, தேவையான சத்து எதுவும் தெரியாத ஒன்றைப் பட்டினி போட்டால், வரும் விளைவு பட்டினியால் வந்ததா அதன் சுபாவமே அப்படியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எந்தச் சத்தை நிறுத்துவது

கார்பன், நைட்ரஜன், அமினோ அமிலம், பாஸ்பேட் என்று நிறுத்துவதற்கு நிறைய இருக்கிறது. என் ஓட்டு பாஸ்பேட்டுக்கு. கார்பனை நிறுத்தினால் ஆற்றலும் சேர்ந்து நின்றுவிடுகிறது, செல் சட்டென்று அடங்கிவிடும், பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பாஸ்பேட்டை நிறுத்தினால் சாப்பாடும் ஆற்றலும் இருக்கும், டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சவ்வும் கட்டுவதற்கான ஒரு பொருள் மட்டும் இருக்காது. இருப்பதை எங்கே செலவழிப்பது என்று செல் முடிவு செய்தாக வேண்டும். நமக்கு வேண்டியது அந்த முடிவுதான்.

செயற்கையாக உண்டாக்கிய நெருக்கடியும் இல்லை இது. சாக்கடலில் பாஸ்பேட் பஞ்சம் உண்மையாகவே உண்டு. மழை மிகுந்த குளிர்காலத்துக்குப் பிறகு மேல்மட்டத் தண்ணீரில் உப்புச்செறிவு குறைந்து, பாஸ்பேட்டும் கிடைத்தால்தான் துனாலியெல்லா என்ற பாசி அங்கே பெருகும். 1980-லும் 1992-லும் அப்படிப் பெருகியபோது அதைத் தொடர்ந்து ஆர்க்கியாவும் பெருகிக் கடலே சிவந்தது. நடுவில் உள்ள வருடங்களெல்லாம் காத்திருப்புதான்.

ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியிடம் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. இதன் ஒரு செல்லில் ஒரே ஒரு குரோமோசோம் இருப்பதில்லை. வேகமாக வளரும் கட்டத்தில் சுமார் 18 பிரதிகளும், வளர்ச்சி அடங்கிய கட்டத்தில் சுமார் 10 பிரதிகளும் இருப்பதாக 2006-ல் ஜெர்மனியின் ஜோப்பா குழு அளந்து சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மரபணுத்தொகுதி மொத்தம் சுமார் 40 லட்சம் டி.என்.ஏ. எழுத்து இணைகள், ஒவ்வொரு இணைக்கும் இரண்டு பாஸ்பேட், ஆக ஒரு பிரதிக்கு 80 லட்சம். 18 பிரதி என்றால் ஒரே செல்லுக்குள் 14 கோடிக்கும் மேல் பாஸ்பேட் டி.என்.ஏ. வடிவத்தில் முடங்கிக் கிடக்கிறது. வீட்டில் கஷ்டம் வந்தால் பீரோவில் இருக்கும் நகை கடைக்குப் போகிற மாதிரி, இந்தக் கூடுதல் பிரதிகளைச் செல் கரைக்குமா?

கரைக்கும். 2014-ல் அதே ஜோப்பா குழுவும் மற்ற சிலரும் சேர்ந்து காட்டியது அதைத்தான். பாஸ்பேட் இல்லாத மீடியத்திலும் செல்கள் கொஞ்ச காலம் பெருகுகின்றன. பெருகும்போது இருக்கிற குரோமோசோம் பிரதிகளை மகள் செல்களுக்குப் பங்கு போடுகின்றன, கூடவே சிலவற்றைச் சிதைத்தும் பயன்படுத்துகின்றன. ஆனால் புரதம் செய்யும் ரைபோசோம்களைச் சிதைப்பதில்லை. அவை பங்கு போடப்படுவதோடு சரி. மரபணுவை விற்றுத் தொழிற்சாலையைக் காப்பாற்றுகிற இந்த முடிவைத்தான் உங்கள் ஃபிளாஸ்கில் நீங்கள் மறுபடியும் பார்க்கப் போகிறீர்கள்.

உப்புநீர் தயாரிப்பு

முதலில் 30 சதவீத உப்புநீர் ஒரு பெரிய பாட்டில் செய்துகொள்ளுங்கள். ஒரு லிட்டருக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு இது: சோடியம் குளோரைடு 240 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 30 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 35 கிராம், பொட்டாசியம் குளோரைடு 7 கிராம், பி.எச். 7.5 உள்ள ஒரு மோலார் டிரிஸ் பஃபர் 20 மில்லி. மீடியத்தில் இதை 600 மில்லி எடுத்து மொத்தம் ஒரு லிட்டராக்கினால் 18 சதவீதம் வரும். எல்லா உப்பையும் ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள், ஒவ்வொன்றாகக் கரையவிட்டுப் போடுங்கள். பொறுமையில்லாமல் கொட்டினால் கலக்கும் காந்தத் துண்டு உப்புக்குள் மாட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும்.

அப்புறம் ஒரு விதி, சுவரில் ஒட்டி வையுங்கள்: செல் தொடும் எந்தத் திரவமும் உப்புநீராகத்தான் இருக்க வேண்டும். கழுவுவது, நீர்க்கச் செய்வது, மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் சொட்டு விடுவது, எல்லாம் 18 சதவீத உப்புநீரில். வெறும் காய்ச்சி வடித்த நீர் பட்டால் செல்கள் வெடித்துவிடும். இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். கல்ச்சரில் வேறு ஏதாவது புகுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெல்லட் (சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படியவைத்த செல்கள்) எடுத்துத் தண்ணீரில் கலக்குங்கள். உடனே தெளிந்து, டி.என்.ஏ. வெளியேறிக் கோழை மாதிரி இழுத்தால் பெரும்பாலும் நம் ஆள்தான். கலங்கலாகவே நின்றால் மைக்ரோஸ்கோப்பிடம் போங்கள்.

இரண்டு மீடியங்கள்

ஒன்று, சாதாரணமாக வளர்க்க: 18 சதவீத உப்புநீரில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5 சதவீதம், பெப்டோன் 0.1, காசமினோ அமிலம் 0.1, கடைசியில் 3 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. இதில் பெப்டோன் எந்தக் கம்பெனியுடையது என்று பாருங்கள். சில பெப்டோன்களில் பித்த உப்புகள் கலந்திருக்கும், அவை உப்பு விரும்பும் ஆர்க்கியாவின் செல்களைக் கரைத்துவிடும். டிஃப்கோவின் பாக்டோ பெப்டோனில் இந்தச் சிக்கல் உண்டு என்பது பழைய செய்தி, அதனால்தான் பல செய்முறைக் குறிப்புகளில் ஆக்ஸாய்டு என்று பெயரைச் சொல்லியே எழுதியிருப்பார்கள். மீடியத்தில் தப்பே இல்லாதபோதும் செல் வளரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த டப்பாவைத்தான்.

இரண்டு, பட்டினிக்கு, தேவையானதை மட்டும் போட்ட மினிமல் மீடியம். இங்கே ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டோன், காசமினோ எதுவும் கூடாது, மூன்றிலும் பாஸ்பேட் இருக்கும். அதே உப்புநீரில் கார்பனுக்கு லாக்டேட், சக்சினேட், கிளிசரால், நைட்ரஜனுக்கு 5 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு, சுவடுத் தனிமங்கள், தயமின், பயோட்டின், கால்சியம். இதைப் பெரிய அளவில் ஒரே தடவையாகச் செய்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் ஒரு மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், இன்னொரு பாதியில் அதே அளவு பொட்டாசியம் வரும்படி பொட்டாசியம் குளோரைடு. தனித்தனியாக இரண்டு மீடியம் செய்தால் வித்தியாசம் பாஸ்பேட்டால் வந்ததா, நீங்கள் எடை போட்டதில் வந்ததா என்று தெரியாமல் போகும். பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் ஆட்டோகிளேவ் ஆறிய பிறகு தனித்தனியாகச் சேருங்கள். மெக்னீசியமும் கால்சியமும் இவ்வளவு உள்ள நீரில் பாஸ்பேட்டைச் சேர்த்துச் சூடாக்கினால் வெள்ளையாக வீழ்படிவு விழும், அப்புறம் அதில் எவ்வளவு பாஸ்பேட் கரைசலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கண்ணாடிப் பாத்திரம் ஒரு தனித் தொல்லை. ஆய்வகச் சோப்புகளில் பாஸ்பேட் இருப்பது சகஜம். பட்டினிக்கான ஃபிளாஸ்க், பாட்டில், அளவுக் குடுவை எல்லாவற்றையும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசி, தனியாக எழுதி ஒதுக்கி வையுங்கள். அமிலத்தைக் கையாளும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். உப்பின் தரமும் முக்கியம்தான், லிட்டருக்கு 144 கிராம் சோடியம் குளோரைடு போடுகிறோம், அதில் துளி பாஸ்பேட் இருந்தாலும் சேர்ந்து பெரிதாகிவிடும். பாஸ்பேட் இருந்தால் நீல நிறம் காட்டும் மாலிப்டேட் நீலச் சோதனையால் மீடியத்தின் பாஸ்பேட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். தரவளைகோட்டுக்கான (தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் ஒப்பீட்டு வளைகோட்டுக்கான) கரைசல்களையும் அதே உப்புநீரில்தான் செய்ய வேண்டும், வெறும் நீரில் போட்ட வளைகோடு உப்புநீருக்குப் பொருந்தாது.

தொடக்கக் கல்ச்சரும் கழுவுதலும்

பிளேட்டிலிருந்து மூன்று வெவ்வேறு காலனிகளை எடுத்து, பாஸ்பேட் உள்ள மினிமல் மீடியத்தில் மூன்று தொடக்கக் கல்ச்சர் போடுங்கள். ஒரே கல்ச்சரை மூன்று ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று சொல்வது பலர் செய்கிற வேலை, அது ஒருமுறை செய்ததுதான். சத்துள்ள மீடியத்திலிருந்து நேரடியாகப் பட்டினிக்குத் தாவாதீர்கள். அப்படிச் செய்தால் மீடிய மாற்றத்தின் அதிர்ச்சியும் பாஸ்பேட் இல்லாமையும் ஒன்றாக வந்து சேரும்.

வேகமாக வளரும் கட்டத்தின் நடுவில் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் மெதுவாக, 3300 மடங்கு ஈர்ப்பு விசையில் 8 நிமிடம் சுற்றுங்கள். உப்புநீர் அடர்த்தியானது, அதனால் பெல்லட் இறுகாது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஒரு தளர்ந்த படலமாக இருக்கும். கவிழ்த்து ஊற்றினால் அதுவும் கூடவே போய்விடும், பிப்பெட்டால் மேல்நீரை உறிஞ்சி எடுங்கள். பாஸ்பேட் இல்லாத மீடியத்தால் இரண்டு முறை கழுவிவிட்டு, தொடக்க ஓ.டி. 0.05 அளவுக்குப் புது ஃபிளாஸ்கில் விடுங்கள்.

எத்தனை ஃபிளாஸ்க்? ஒவ்வொரு காலனிக்கும் பாஸ்பேட் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இல்லாமல் தொடங்கிப் பாதியில் பாஸ்பேட் திருப்பிக் கொடுக்கப்போவது ஒன்று, பாஸ்பேட் இருந்தும் கார்பன் இல்லாதது ஒன்று. கூடவே செல்லே போடாத ஃபிளாஸ்க் ஒன்று. கார்பன் இல்லாத ஃபிளாஸ்கை மிச்சம் பிடிக்க நினைப்பார்கள், விடாதீர்கள். நீங்கள் பார்க்கும் மாற்றம் பாஸ்பேட் பட்டினிக்கே உரியதா, எந்தப் பட்டினிக்கும் பொதுவானதா என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

ஷேக்கரில் 45 டிகிரி. இந்தச் சூட்டில் நாள்கணக்கில் ஓடும்போது நீர் ஆவியாகும், உப்புச்செறிவு ஏறும், ஃபிளாஸ்க் வாயில் உப்புப் பூக்கும். அப்போது நீங்கள் அளப்பது பாஸ்பேட் பட்டினியையா உப்பு நெருக்கடியையா என்று தெரியாது. தினமும் ஃபிளாஸ்கை எடை போட்டு, குறைந்த எடைக்குக் கிருமிநீக்கிய தூய நீரைச் சொட்டுச் சொட்டாக, ஆட்டிக்கொண்டே சேருங்கள். மாதிரிக்காக எடுத்த அளவைக் கணக்கிலிருந்து கழிக்க மறக்கக்கூடாது. செல்லில் நேராகத் தூய நீர் படக்கூடாது என்று மேலே சொன்னேனே என்று கேட்பீர்கள். ஆவியான அளவை மட்டும், கலக்கிக்கொண்டே விட்டால் மொத்தச் செறிவு பழைய இடத்துக்குத்தான் வரும், அதனால் பயமில்லை.

அளவுகள்

ஓ.டி. 600 நானோமீட்டரில், செல் இல்லாத அதே மீடியத்தை பிளாங்காக (பூஜ்யமாகக் கொள்ளும் ஒப்பீடாக) வைத்து. இது எளிது, வேகமானது, ஆனால் இதை நம்பி மட்டும் இருக்க முடியாது. இந்த உயிரி வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் கோல் வடிவத்திலும், பிற்பாடு தட்டையான வட்டு வடிவத்திலும் இருக்கும். கோல் வடிவத்துக்கு மாற செட்இசட்1 என்ற புரதம் வேண்டும் என்று 2015-ல் காட்டினார்கள். வடிவமும் அளவும் மாறினால் ஒளி சிதறுவதும் மாறும், எண்ணிக்கை மாறாமலே ஓ.டி. நகரும். சேமிப்புப் பொருளும் குழப்பும். ஸ்பெயினின் அலிகாண்டே அருகில் சாண்டா போலா உப்பளத்திலிருந்து வந்த இதன் உறவினர் ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி, கார்பன் மிகுதியாக இருந்து பாஸ்பேட்டோ நைட்ரஜனோ குறைந்தால், செல்லுக்குள் பாலிமர் துகள்களாகக் கார்பனைக் குவித்துக்கொள்ளும். பிரிவது நின்ற பிறகும் செல் கொழுக்கும், ஓ.டி. ஏறும், பார்ப்பவர் வளர்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் எண்ணிக்கை. நியூபாவர் அறையில் (கட்டம் போட்ட எண்ணும் ஸ்லைடில்) மைக்ரோஸ்கோப்பில் நேரடியாக எண்ணலாம், நீந்தித் தொல்லை கொடுத்தால் உப்புநீரில் கலந்த ஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்திவிட்டு எண்ணுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் உப்புநீரில் செய்த அகரோஸ் பட்டையில் வையுங்கள், சொட்டு உலரும்போது உப்பு ஏறிச் செல் சுருங்கி வடிவம் பொய் சொல்லும், அதனால் கை வேகமாக இருக்கட்டும்.

பிளேட் போட்டுக் காலனி எண்ணுவது உயிரோடிருப்பவற்றை மட்டும் காட்டும், நேரடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு இறந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும். உப்புநீரில் அகார் எளிதில் கரையாது, முழுவதும் தெளியும்வரை சூடாக்கிவிட்டுப் பிறகு சத்துகளைச் சேருங்கள். பிளேட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகச் சுற்றி 45 டிகிரியில் வைத்தால் காலனி தெரிய நான்கைந்து நாள் ஆகும். சுற்றாமல் வைத்தால் காலனிக்குப் பதில் உப்புப் படிகம்தான் வளரும். பாக்டீரியா புகுந்துவிடுமோ என்ற பயத்தில் ஆம்பிசிலின் சேர்க்க நினைப்பவர்களுக்கு: ஆர்க்கியாவில் பாக்டீரியாவைப் போன்ற பெப்டிடோகிளைக்கன் சுவர் கிடையாது, அதனால் ஆம்பிசிலின் இதை ஒன்றும் செய்யாது. இதன் மரபணு வேலையில் தேர்வுக்குப் பயன்படுவது நோவோபயோசின், மெவினோலின் என்ற மருந்துகள்தான்.

மூன்றாவது, ஒரு செல்லுக்கு எத்தனை மரபணுப் பிரதி. கல்ச்சரில் எண்ணிவிட்ட, குறிப்பிட்ட எண்ணிக்கைச் செல்களைப் பெல்லட்டாக்கி, மேல்நீரைத் துளி விடாமல் எடுத்துவிட்டு, தூய நீரைச் சேர்த்து வெடிக்கவிடுங்கள். பல உயிரிகளில் டி.என்.ஏ. வெளியே வருவது இவ்வளவு சுலபமில்லை, இந்த ஒரு இடத்தில் ஆர்க்கியா நமக்கு உபகாரி. ஆனால் மிச்ச உப்பு பி.சி.ஆரைக் கெடுக்கும், நன்றாக நீர்க்கச் செய்யுங்கள் அல்லது டயாலிசிஸ் செய்யுங்கள் (சவ்வுப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுங்கள்). குரோமோசோமில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, தெரிந்த அளவு பி.சி.ஆர். துண்டை வைத்துத் தரவளைகோடு போட்டு, ரியல் டைம் பி.சி.ஆரில் அளந்து, செல் எண்ணிக்கையால் வகுத்தால் விடை. எண்ணிக்கையில் வரும் தவறு அப்படியே இங்கேயும் வந்து உட்காரும், எண்ணுவதில் சோம்பல் கூடாது.

வளைகோட்டைப் படிப்பது

பாஸ்பேட் இல்லாத ஃபிளாஸ்கில் முதல் நாள் செல் எண்ணிக்கை ஏறும். "பாஸ்பேட் எங்கோ கலந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாலிப்டேட் அளவு சரியாக இருந்து, செல்லுக்கான டி.என்.ஏ. பிரதி இறங்கிக்கொண்டும் இருந்தால், நீங்கள் பார்க்க வந்ததே அதுதான். எண்ணிக்கை ஏறியும் பிரதி இறங்கவில்லை என்றால்தான் கண்ணாடிப் பாத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

பிரதி இறங்குவது இரண்டு வழியில் நடக்கலாம். புதிதாகச் செய்யாமல் பங்கு மட்டும் போடுவது ஒன்று, இருப்பதைச் சிதைப்பது இன்னொன்று. பிரித்தறிய, ஒரு மில்லி கல்ச்சரில் மொத்தம் எத்தனை பிரதி என்று பாருங்கள். பங்கு மட்டும் என்றால் மொத்தம் அப்படியே இருக்கும், செல்லுக்கான எண் மட்டும் குறையும். மொத்தமே குறைந்தால் சிதைவு நடக்கிறது. இதே கணக்கை ரைபோசோமல் ஆர்.என்.ஏ.வுக்கும் போட்டுப் பார்த்தால் மொத்தம் மாறாமல் நிற்க வேண்டும்.

இங்கேதான் பாக்டீரியாப் பாடம் இடிக்கும். ஈ.கோலையில் அமினோ அமிலம் தீர்ந்தால் பி.பி.ஜி.பி.பி. என்ற மூலக்கூறு குவிந்து ரைபோசோம் தயாரிப்பை நிறுத்தும் என்று படித்திருப்பீர்கள். அதே சூழ்நிலையில் ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியில் அது தென்படவில்லை என்று 1995-லேயே வெளியானது. சல்ஃபோலோபஸ் என்ற வேறு ஆர்க்கியா இனங்களில் அந்த மூலக்கூறு இல்லாமலே, அமினோ அமிலம் ஏற்றிய டி-ஆர்.என்.ஏ. குறைந்தால், ரைபோசோமல் ஆர்.என்.ஏ. போன்ற நிலையான ஆர்.என்.ஏ. சேர்வது நிற்கிறது. பிரேக் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவின் பிரேக் இல்லை. ஆகவே பி.பி.ஜி.பி.பி. அளக்கும் கிட்டை வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்தப் பணத்தை பி.சி.ஆருக்கு வையுங்கள்.

மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவான மெத்தனோகாக்கஸ் மரிபாலுடிஸ் இன்னும் விசித்திரம். வளர்ச்சி வேகம் மாறினாலும் ரைபோசோம் உட்பட அதன் புரதப் பங்கீடு பெரிதாக மாறுவதில்லை என்று 2021-ல் காட்டினார்கள். ஈ.கோலையில் வேகம் கூடினால் ரைபோசோம் பங்கும் கூடுவது கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. இதே மெத்தனோகாக்கஸ் நைட்ரஜன் பஞ்சத்துக்கு மட்டும் கச்சிதமான ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறது: என்.ஆர்.பி.ஆர். என்ற அடக்கி டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும், நைட்ரஜன் குறைந்தால் 2-ஆக்சோகுளூட்டரேட் என்ற மூலக்கூறு செல்லுக்குள் குவியும், அது அடக்கியைப் பிடித்ததும் அடக்கி டி.என்.ஏ.வை விட்டுவிடும், நைட்ரஜன் பிடிக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற ஆர்க்கியாவில் வளர்ச்சி அடங்கிய கட்டத்தில் ரைபோசோமின் சிறு துணையலகுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ், 75 டிகிரி சூட்டிலும் அமிலத்திலும் வாழ்வது, சத்து போனால் ஆர்க்கெல்லம் என்ற நீந்தும் வாலைக் கட்ட ஆரம்பித்துவிடும். இருக்கிற கொஞ்சத்தையும் செலவழித்து வேறு இடம் தேடுவது அதன் வழி. ஆக "ஆர்க்கியா பட்டினியில் இப்படிச் செய்யும்" என்று ஒரே வாக்கியத்தில் ரிப்போர்ட் எழுதாதீர்கள். எந்த இனம், எந்தச் சத்து என்று இரண்டையும் சொல்லியே எழுதுங்கள்.

பாஸ்பேட்டைத் திருப்பிக் கொடுப்பது

செல் எண்ணிக்கை தட்டையாகி, பிரதி எண்ணும் கீழே வந்து நின்றதும், மூன்றாவது ஃபிளாஸ்கில் ஒரு மில்லிமோலார் வரும்படி பாஸ்பேட் சேருங்கள். சேர்த்த உடனேயே மாதிரி எடுக்கத் தொடங்குங்கள், மறுநாள் காலை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டால் விஷயம் முடிந்திருக்கும், ஏனென்றால் பிரதிகள் வேகமாகத் திரும்ப ஏறும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையும் பிரதியும் சேர்த்து எடுங்கள். எது முதலில் ஏறுகிறது, செல் முதலில் பிரிகிறதா பிரதியைப் பெருக்குகிறதா என்று உங்கள் தரவே சொல்லும்.

நேரமிருந்தால் உலர்த்திப் பார்க்கும் சோதனை ஒன்றையும் கூடவே வையுங்கள். பாஸ்பேட் உள்ள கல்ச்சர், இல்லாத கல்ச்சர் இரண்டிலும் சம எண்ணிக்கைச் செல்களை உலரவைத்து, மறுபடி உப்புநீரில் எடுத்துப் பிளேட் போடுங்கள். பல பிரதி வைத்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் பட்டினியில் செல் பெருகுகிறது என்று 2014 ஆய்வு சொன்னது. உங்கள் பிளேட்டுகளிலும் அது தெரிகிறதா என்று பார்க்க இது வழி.

அடுத்த கட்டத்துக்கு ஆசை இருந்தால், பாஸ்பேட்டுக்குப் பதில் டி.என்.ஏ.வையே உணவாகக் கொடுத்துப் பாருங்கள். இந்த உயிரி வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வைப் பாஸ்பேட்டுக்காகத் தின்னும், ஆனால் எதையும் தின்னாது. தன் இனத்தின் டி.என்.ஏ.வில் வளர்ந்தது, ஹெர்ரிங் மீன் விந்து டி.என்.ஏ.வையும் வழக்கமான ஈ.கோலை டி.என்.ஏ.வையும் ஒதுக்கியது. அதனால் ஃப்ரீசரில் சும்மா கிடக்கிறதே என்று ஹெர்ரிங் டி.என்.ஏ.வை எடுத்துப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள், அதை எதிர்மறைச் சோதனையாக வையுங்கள். சொந்த டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததும் நன்றாக டயாலிசிஸ் செய்து, கடைசி டயாலிசிஸ் நீரையும் தனியாக ஒரு ஃபிளாஸ்கில் அதே அளவு சேருங்கள். அந்த ஃபிளாஸ்கிலும் செல் பெருகினால் அது தின்றது டி.என்.ஏ.வை இல்லை, நீங்கள் கழுவாமல் விட்ட பாஸ்பேட்டை.